ஊசியும் சில்லும்: துவிச்சக்கரவண்டி ஏறிய பெண்ணும் அவளை நகையாடிய ஓவியரும்

1895ஆம் ஆண்டில் இலண்டனிலிருந்து வெளிவந்த 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை வாரப் பத்திரிகையில் ஒரு கேலிச்சித்திரம் இடம்பெற்றது. இரு பெண்கள் உரையாடுகின்றனர். ஒருத்தி அக்கால வழக்கப்படி உடுத்தியவள். மற்றவளோ முழங்காலின் கீழே இறுகக் கட்டிய தளர்ந்த காற்சட்டை அணிந்திருக்கிறாள். துவிச்சக்கரவண்டி ஓட்டும் பெண்களுக்கென அப்பொழுது புதிதாகப் புகுந்த உடை அது. எதற்காக இந்த உடை என்று முதலாமவள் கேட்கிறாள். உடுப்பதற்காகத்தான் என்பது விடை. உன்னிடம் துவிச்சக்கரவண்டி இல்லையே என்று அவள் வியக்க, 'இல்லைத்தான். ஆனால் தையல் இயந்திரம் இருக்கிறதே' என்கிறாள் காற்சட்டைக்காரி.

சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணவருக்கு இச்சித்திரத்தின் பிரதியொன்றைக் காட்டி, அங்கதம் என்றால் யாது என விளக்க முற்பட்டேன். பெண்ணுக்கு வேண்டியது வண்டியன்று, காற்சட்டை அணிய ஒரு சாட்டு. இதுவே ஓவியர் சொல்லவந்த பகிடி என்று கூறியதும் வகுப்பு சிரித்தது. நாள்தோறும் நான்கு கட்டை தூரம் சயிக்கிளில் வந்து போகும் மாணவியொருத்தி மாத்திரம் சிரிக்கவில்லை. 'சேர், தையல் மெசினையும் காலாலைதானே மிதிக்கிறது. அதுக்கு ஏன் ஒருத்தரும் சிரிக்கேல்லை?' என்று கேட்டாள். உடனடியாக என்னால் விடை கூற முடியவில்லை. பின்னர் அதனைப் பற்றிச் சிந்தித்ததன் விளைவே இக்கட்டுரை.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவர். பழியை வெளிப்படையாகக் கூறுவது முன்னது. மறைத்துக் கூறுவது பின்னது. மெய்ப்பாட்டியலிலோ நகை பிறக்கும் நான்கு நிலைக்களங்களுள் எள்ளலை முதலாவதாக வைப்பர். துவிச்சக்கரவண்டி ஏறிய பெண்ணைப் பற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் வெளிவந்த சித்திரங்கள் யாவும் எள்ளலிற் பிறந்தவையே. உடையைப் பழிப்பதுபோல அவை வேறொன்றைப் பழிப்பதனால், அவற்றைப் பழிகரப்பின்பாற் படுத்துதல் பொருந்தும். கரந்து நிற்கும் அப்பொருள் யாது என்பதே இங்கு ஆராயற்பாலது.

முதலில் அப்பத்திரிகையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். 'பஞ்ச்' 1841ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவர் ஹென்றி மேஹியூ; இலண்டன் மாநகரத்து ஏழைத் தொழிலாளரின் வாழ்க்கையை வீதி வீதியாகச் சென்று கேட்டறிந்து எழுதியவர். தொடக்ககாலத்தில் அப்பத்திரிகை செல்வரைச் சாடியது. வறியோருக்காகப் பரிந்து பேசியது. 1843ஆம் ஆண்டு நத்தார் இதழில் தோமஸ் ஹூட் என்னும் கவிஞர் பெயர் குறிப்பிடாமல் எழுதிய 'சட்டையின் பாட்டு' வெளிவந்தது. அரைவயிற்றுக் கூலிக்காக இரவு பகலாகச் சட்டை தைக்கும் ஒரு பெண்ணின் துயரத்தைப் பாடிய கவிதை அது. அக்கவிதை இங்கிலாந்து முழுவதும் பரவிற்று.

இதனை ஏன் குறிப்பிடுகிறேன் எனின், ஊசியின் முன்னே குனிந்திருந்த பெண்ணுக்காகக் கண்ணீர் வடித்த அதே பத்திரிகைதான் அரைநூற்றாண்டின் பின்னர் தையல் இயந்திரத்தை விட்டெழுந்து வண்டியேற விழைந்த பெண்ணைக் கண்டு நகைத்தது. பத்திரிகையின் ஆசிரியரும் ஓவியரும் மாறினர் என்பது உண்மையே. வாசகரும் மாறினர், வளர்ந்து செல்வமீட்டிய மத்தியதர வர்க்கத்தினரின் வரவேற்பறை மேசைக்கு அது உரியதாயிற்று. எனினும், இரண்டு நிலைக்கும் இடையே உண்மையில் முரண்பாடு இல்லை என்றே நான் கருதுகிறேன். தன் இடத்தில் இருந்து துன்புறும் பெண்ணுக்கு இரக்கம். அவ்விடத்தை விட்டு நீங்கும் பெண்ணுக்குச் சிரிப்பு. இரண்டும் அவளது இடம் எதுவென்பதை ஒருபடித்தாகவே ஏற்றுக்கொண்டன.

பெண்ணின் காற்சட்டை பகிடிக்குப் பொருளானது 1895இல் அன்று. 1851ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செனெக்கா போல்ஸ் என்னும் ஊரில் வாழ்ந்த அமீலியா புளூமர், தாம் நடத்திய பத்திரிகையில் குட்டைப் பாவாடையும் அதன்கீழ்த் தளர்ந்த காற்சட்டையும் கொண்ட உடையை ஆதரித்து எழுதினார். நிலத்தைப் பெருக்கும் பாவாடையும் விலாவை நெரிக்கும் கச்சும் பெண்ணின் உடலைச் சிறைப்படுத்துகின்றன என்பது அவர்தம் வாதம். உடையை ஆக்கியவர் அவரல்லர். ஆயினும் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. அவ்வாண்டே ஜோன் லீச் முதலிய 'பஞ்ச்' ஓவியர்கள் புளூமர் அணிந்த பெண்கள் வீதியில் நின்று புகைபிடிப்பதாகவும், ஆடவனிடம் தாமே சென்று திருமணம் பேசுவதாகவும் வரைந்து தள்ளினர். வீதியிற் சென்ற பெண்களைச் சிறுவர் கூட்டம் பின்தொடர்ந்து கூவியது. சில ஆண்டுகளில் அவ்வுடையை அணிந்தோர் பெரும்பாலும் அதனைக் கைவிட்டனர். 1851இல் சிரிப்பு வென்றது.

1890களில் அதே சிரிப்பு, ஏறத்தாழ அதே சித்திரங்களுடன் மீண்டும் வந்தது, இம்முறை தோற்றது. ஓவியரின் திறன் குறைந்துவிடவில்லை. இரு காலத்துக்கும் இடையே ஒரு பொருள் உற்பத்தியாகி வந்திருந்தது என்பதே வேறுபாடு.

அப்பொருளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். ஜேர்மனியரான கார்ல் திறைஸ் 1817ஆம் ஆண்டில் மன்ஹைம் நகரில், இரு சில்லுகளுக்கிடையே அமர்ந்து காலால் நிலத்தை உந்திச் செல்லும் மரவண்டியொன்றை ஓட்டிக்காட்டினார். 1819இல் அது இலண்டனில் பித்தாகப் பரவியது. டெனிஸ் ஜோன்சன் என்பார் பாவாடையுடன் ஏறத்தக்கதாக நடுச்சட்டம் தாழ்த்தப்பட்ட வகையொன்றையும் செய்தார். அவ்வாண்டே அதன்மீது பெண்கள் விரைவதாகக் காட்டும் அச்சுப்படங்களும் கடைகளிற் தொங்கின. ஆகவே, வண்டி தோன்றிய மறுகணமே வண்டியேறிய பெண்ணைப் பற்றிய நகையும் தோன்றிவிட்டது என்று கூறுதல் மிகையாகாது. பெண்கள் பலர் ஏறுமுன்னரே ஓவியர்கள் அவர்களை ஏற்றிவிட்டனர்! 1860களில் பாரிஸ் நகரில் முன்சில்லிலே மிதிகட்டை பூட்டிய வண்டி வந்தது. 1868 நவம்பரில் போர்தோ நகரப் பூங்காவொன்றில் பெண்களுக்கெனத் தனி ஓட்டப்போட்டியே நிகழ்ந்தது. அதன்பின் வந்த உயர்சில்லு வண்டியோ நீண்ட பாவாடைக்கு எவ்வாற்றானும் பொருந்தாதது. அதனாற் சிறிதுகாலம் பெண்கள் முச்சில்லு வண்டியோடு அமைந்தனர்.

மேற்கூறியவற்றைக் காட்டிலும் எனக்குச் சுவையாகத் தோன்றுவது கொவென்ரி நகரத்தின் கதை. பட்டு நாடா நெசவினால் வாழ்ந்த நகரம் அது. 1860ஆம் ஆண்டில் பிரித்தானியாவும் பிரான்சும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையால் பிரெஞ்சு நாடா தீர்வையின்றி வந்து குவியவே, நெசவாளர் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தனர். அந்நிலையில் அங்கு தோன்றிய புதிய தொழில்களுள் தையல் இயந்திரத் தொழில் ஒன்று. அந்தக் கொவென்ரித் தையல் இயந்திரக் கம்பனி, 1860களின் இறுதியில் பாரிஸ் சந்தைக்கெனத் துவிச்சக்கரவண்டி செய்யும் கட்டளையை ஏற்று, 1869இல் தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. அங்கு பணிபுரிந்த ஜேம்ஸ் ஸ்ரார்லி என்பாரின் மருமகன் ஜோன் கெம்ப் ஸ்ரார்லியே 1885ஆம் ஆண்டில் இரு சில்லும் ஏறக்குறைய ஒத்த அளவினதாய், பின்சில்லைச் சங்கிலி இயக்குவதாய் அமைந்த 'றோவர்' வண்டியைச் செய்தவர். இன்று நாம் ஓட்டுவது அதன் வழித்தோன்றலே. அமெரிக்காவிலும் நிகழ்ந்தது இதுவே: அல்பேட் போப் என்னும் முதலாளியின் 'கொலம்பியா' வண்டிகள் 1878இல் ஹாற்போட் நகரத்துத் தையல் இயந்திரத் தொழிற்சாலையொன்றிலேதான் முதன்முதல் உருவாயின. பற்சில்லும் அச்சும் மிதிகட்டையும் நுண்ணளவாகக் கடையக்கூடிய கருவிகளும் கைகளும் அங்கேதான் இருந்தன. 'துவிச்சக்கரவண்டி இல்லை, தையல் இயந்திரம் இருக்கிறது' என்று 'பஞ்ச்' சித்திரத்திற் கூறியவள், தான் அறியாமலே இரண்டும் ஒரே பட்டறையிற் பிறந்த உடன்பிறப்புகள் என்பதையும் கூறிவிட்டாள்.

1888இல் டன்லொப் காற்றடைத்த றப்பர்ச் சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி குலுங்காது ஓடத் தொடங்கியது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் தொழிற்சாலைகள் பெருகின, முதலீடு பாய்ந்தது, உற்பத்தி பெருகவே வாங்குவோர் வேண்டப்பட்டனர். ஆடவருக்கு மாத்திரம் விற்றுக்கொண்டிருந்தால் சந்தையிற் பாதி வீணாகும். எனவே நடுச்சட்டத்தைத் தாழ்த்தினர், சங்கிலிக்கு உறையிட்டனர், பாவாடை சிக்காதவாறு பின்சில்லின் மேல் நூல்வலை கட்டினர். 1851இல் அமீலியா புளூமருக்குப் பின்னால் ஒரு சிறு பத்திரிகையும் சில தோழியரும் இருந்தனர். 1895இன் பெண்ணுக்குப் பின்னாலோ ஒரு பெருந்தொழில் நின்றது. முதலாளித்துவம் பெண் விடுதலையில் நாட்டங்கொண்டு இதனைச் செய்யவில்லை என்பதை வாசகருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது சந்தைக்குக் கொண்டுவந்த பொருளைப் பெண்கள் தம் தேவைக்கெனப் பற்றிக்கொண்டனர். இரண்டையும் ஒருங்கே காண்பதே வரலாற்று நோக்கு. ஒன்றை மாத்திரம் காண்போர் வண்டிக்கு வாழ்த்துப்பாடுவர், அல்லது அதனை வணிகச் சூழ்ச்சி என்று தள்ளுவர்.

அப்பெண்கள் எவ்வாறு பற்றிக்கொண்டனர் என்பதற்கு ஒரு சான்று. 1893 செப்தெம்பரில் பிறைற்றன் நகரைச் சேர்ந்த டெசி ரெனோல்ட்ஸ் என்னும் பதினாறு வயதுச் சிறுமி, காற்சட்டை அணிந்து, இலண்டனுக்குச் சென்று திரும்பும் ஏறத்தாழ 120 மைல் தூரத்தை எட்டரை மணித்தியாலத்தில் ஓட்டி முடித்தாள். அவள் ஓடிய வேகத்தைக் காட்டிலும் உடுத்திய உடையைப் பற்றியே பத்திரிகைகள் மிகுதியாக எழுதின. அமெரிக்காவில் பெண் வாக்குரிமைக்காக வாழ்நாள் முழுதும் உழைத்த சூசன் அந்தனி அம்மையார் 1896இல் அளித்த நேர்காணல் ஒன்றில், பெண்ணை விடுவிப்பதில் உலகில் வேறெதனைக் காட்டிலும் துவிச்சக்கரவண்டி மிகுதியாகச் செய்திருக்கிறது என்னும் பொருள்படக் கூறினார். அப்போது அவருக்கு வயது எழுபத்தாறை அணுகிக்கொண்டிருந்தது. அவர் தாமே வண்டியேறியவர் அல்லர். பிறர் செல்வதைப் பார்த்து மகிழ்ந்தவர். அக்கூற்றில் உற்சாக மிகுதி உண்டு. எனினும் துணையின்றி ஒரு பெண் வீட்டு வாயிலைக் கடந்து பத்து மைல் சென்று தன் விருப்பப்படி திரும்புதல் எத்தகைய மாற்றம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஓவியர்களும் உணர்ந்திருந்தனர்! நியூயோர்க்கில் வெளியான 'பக்' என்னும் வண்ணச் சித்திர வார இதழ் 1895ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பிரெடெரிக் ஒப்பர் வரைந்த முழுப்பக்கச் சித்திரமொன்றை வெளியிட்டது. 'புதுமைப்பெண்ணும் அவளது துவிச்சக்கரவண்டியும்' என்பது தலைப்பு; அவளிலே பல வகையினர் தோன்றப்போகின்றனர் என்பது அதன் தொடர்ச்சி. புதிய உயிரினமொன்றைக் கண்ட இயற்கைநூலார் அதனை வகைபிரிப்பது போன்ற பாவனை. ஆகஸ்ட் மாதத்திலோ அதே இதழ் துவிச்சக்கரவண்டியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாபெரும் உடைச் சீர்திருத்தவாதி என்று தலைப்பிட்டு எஹர்ட் என்பாரின் சித்திரமொன்றை அச்சிட்டது. இதிற் கேலி பாதி, பாராட்டுப் பாதி. எல்லாச் சித்திரங்களையும் பகைமை என்னும் ஒரே கூடையில் இடுதல் நேர்மையன்று.

ஆனாற் பகைமை எங்கு முனைப்பாக வெளிப்படுகின்றது என்று தேடினால், சாலையில் அன்று, வீட்டுக்குள்ளேதான். 1896 ஏப்பிரலில் பாரிஸில் பெண்ணுரிமை மாநாடொன்று கூடியது. அம்மாதத்திலேயே 'லெ கிரெலோ' என்னும் பிரெஞ்சு அங்கதப் பத்திரிகை தன் முகப்பில் ஒரு குடும்பக் காட்சியை வரைந்தது. காற்சட்டை அணிந்த மனைவி வண்டியுடன் புறப்படுகிறாள். ஏவலன் கோலத்திற் கணவன் பாத்திரம் கழுவுகிறான். தான் மாநாட்டுக்குப் போவதாகவும் சரியாக எட்டு மணிக்கு இராச்சாப்பாடு ஆயத்தமாக வேண்டும் என்றும் அவள் கட்டளையிடுகிறாள்.

அமெரிக்காவில் அக்காலத்தில் வீடுதோறும் ஒரு பொழுதுபோக்கு இருந்தது. ஒரே காட்சியின் இரு புகைப்படங்களை அருகருகே ஒட்டிய அட்டையை இரட்டைக் கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் காட்சி உருத்திரண்டு தெரியும். இவ்வட்டைகளிற் புதுமைப்பெண் பகிடி மிக விலைப்பட்டது. நடிகரைக்கொண்டு எடுத்த படங்கள் அவை. ஒன்றில், காற்சட்டையும் நீண்ட காலுறையும் அணிந்த பெண் சிகரெட் பிடித்தபடி நிற்க, ஆடவன் தொட்டியிலே துணி தோய்க்கிறான்; 'தோய்க்கும் நாள்' என்பது பெயர். 1899ஆம் ஆண்டு அட்டையொன்றின் வாசகம் இன்னும் வெளிப்படையானது: உன் பொத்தான்களை நீயே தைத்துக்கொள், நான் சவாரி போகிறேன் என்று மனைவி கூறுகிறாள்.

மாணவியின் வினாவுக்கு விடை இவ்வட்டையிலே கிடைத்தது என்பேன். ஊசி மீண்டும் வந்துவிட்டது. தையல் இயந்திரத்தின் மிதிகட்டையைப் பெண் நாள் முழுதும் மிதித்தாலும் வீடு அசைவதில்லை. சட்டைகள் உருவாகும், பொத்தான்கள் தைக்கப்படும், கணவன் உடுத்திச் செல்வான். ஆதலின் அங்கு சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. அதே கால் அதே போன்ற இன்னொரு மிதிகட்டையை மிதித்தால் அவள் வீட்டை விட்டு நகர்ந்துவிடுகிறாள். தோய்த்தல், சமைத்தல், பிள்ளை பார்த்தல், பொத்தான் தைத்தல் யாவும் ஆளின்றிக் கிடக்கின்றன. ஊதியமின்றிச் செய்யப்பட்டமையால் வேலையென்றே எண்ணப்படாத வேலை, செய்பவள் எழுந்து போனதும் திடீரெனக் கண்ணுக்குத் தெரிகிறது. காற்சட்டையின் பின்னே கரந்து நின்ற பொருள் இதுவே. பொருளியல் அறிஞர் எழுதாது விட்ட வீட்டுழைப்பின் பட்டியலை, எள்ளி நகையாட முற்பட்ட படக்காரர் ஒன்றுவிடாமல் வரைந்து வைத்தனர். இப்படங்கள் நமக்கு இன்று வரலாற்று ஆவணமாக அமைவது அதனாலேதான்.

தொட்டியடியில் நிற்கும் ஆடவனைக் கண்டு அன்றைய வாசகர் ஏன் சிரித்தனர்? துணி தோய்த்தல் இழிந்த தொழில், உடலை முறிக்கும் தொழில் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தமையாலே சிரித்தனர். பெண் அதனைச் செய்கையில் எவரும் சிரிக்கவில்லை, எவரும் அழவுமில்லை.

மருத்துவர் கூறியவற்றை விரித்தெழுத வேண்டியதில்லை. வண்டியோட்டும் பெண்ணின் கருப்பைக்குக் கேடு, நரம்புக்குக் கேடு, கால் பெருக்கும், கை தடிக்கும் என்றெல்லாம் சொல்லப்பட்டன. 1897இல் ஆதர் ஷட்வெல் என்னும் ஆங்கில மருத்துவர், சமநிலை பேணும் பதற்றத்தினால் வண்டியோட்டிகளின் முகம் இறுகிக் கோரமடைகிறது என்று எழுதினார். 'சயிக்கிள் முகம்' என்று அதற்குப் பெயரும் வாய்த்தது. ஓவியர் அம்முகத்தை வரைந்து மகிழ்ந்தனர். அறிவியலின் உடையணிந்து வரும் நகை, நகையின் உடையணிந்து வருவதை விடத் தீயது.

இனி, பெண்ணுடல் பற்றி அச்சமூகம் உண்மையிலே கூச்சம் கொண்டிருந்ததா என்பதையும் பார்த்துவிடுவோம். ஏறத்தாழ 1895இல் 'கிளாடியேற்றர்' என்னும் பிரெஞ்சு வண்டிக் கம்பனி ஒரு விளம்பரச் சுவரொட்டியை வெளியிட்டது. கூந்தல் பறக்க, முற்றிலும் ஆடையற்ற ஒரு பெண் சிறகு முளைத்த வண்டியைப் பற்றியபடி விண்மீன்களிடையே பறக்கிறாள். கலை என்று அதனைப் போற்றினர், இன்றும் போற்றுகின்றனர். அதே பிரான்சில் 1800ஆம் ஆண்டுப் பொலிஸ் ஆணையொன்று அனுமதியின்றிப் பெண்கள் காற்சட்டை அணிவதைத் தடைசெய்திருந்தது. 1892இலும் 1909இலும் வெளியான சுற்றறிக்கைகள், பெண் துவிச்சக்கரவண்டியின் கைபிடியையோ குதிரையின் கடிவாளத்தையோ பற்றியிருந்தால் மாத்திரம் அது குற்றமன்று என விலக்களித்தன. கைபிடியை விட்டால் குற்றவாளி! 2013ஆம் ஆண்டிலேதான் அவ்வாணை செல்லாதென அறிவிக்கப்பட்டது. விற்பனைக்காக ஆடையின்றிப் பறக்கலாம். தன் வசதிக்காகக் காற்சட்டை அணிந்து நடத்தலாகாது.

இங்கிலாந்தில் அத்தகைய சட்டம் இருக்கவில்லை, விடுதிக்காரர் இருந்தனர். பகுத்தறிவு உடைச் சங்கம் என்னும் அமைப்பை 1881இல் நிறுவியவர்களுள் ஒருவரான ஹாபர்ட்டன் சீமாட்டி, ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், 1898 ஒக்தோபரில் சரே மாவட்டத்து ஒக்கம் என்னும் ஊரிலுள்ள விடுதியொன்றுக்கு வண்டியில் வந்து உணவு கேட்டார். காற்சட்டையோடு கோப்பி மண்டபத்துள் வரமுடியாது, மதுக்கூடத்தை ஒட்டிய அறையிலே உண்ணலாம் என்றார் விடுதித் தலைவி. துவிச்சக்கரவண்டிப் பிரயாணிகள் கழகம் வழக்குத் தொடுத்தது. 1899 ஏப்பிரலில் யூரிமார் விடுதிக்காரிக்கே சார்பாகத் தீர்ப்பளித்தனர். உணவு மறுக்கப்படவில்லை, இடந்தானே வேறு என்பது எதிர்வாதம். இவ்வழக்கை வாசிக்கையில் நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஒருகாலத்தில் சிலருக்கெனப் புறம்பாக வைக்கப்பட்ட பேணிகள் என் நினைவுக்கு வந்தன. அங்கேயும் தேநீர் மறுக்கப்படவில்லைத்தான்.

சீமாட்டிக்கு நேர்ந்ததை இவ்வளவு எழுதிய நான், சீமாட்டியர் அல்லாதோரைப் பற்றியும் எழுதக் கடமைப்பட்டுள்ளேன். நம் ஓவியர்களின் பெண் எப்போதும் மத்தியதர வர்க்கத்தினள். அமெரிக்காவில் நல்ல வண்டியொன்றின் விலை 100 டொலர். ஒரு தொழிலாளியின் சில மாதச் சம்பளம். விலை சரிந்தது அப்பதிற்றாண்டின் கடைசியிலேயே. இங்கிலாந்தின் விகன் நிலக்கரிச் சுரங்க வாய்களில் கரி சலித்த பெண்களோ, துவிச்சக்கரவண்டிப் பித்துப் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே காற்சட்டை அணிந்தவர்கள். வேலைக்கு அது வேண்டியிருந்தது. 1880களில் அவர்களைச் சுரங்க வாயிலிலிருந்தும் விலக்க முயற்சி நடந்தபோது, அவ்வுடை ஒழுக்கக்கேட்டின் சின்னமாக எடுத்துக்காட்டப்பட்டது. 1887இல் அப்பெண்கள் தூதுக்குழுவாக இலண்டன் சென்று உள்நாட்டு அமைச்சரைக் கண்டு தம் வேலையைக் காத்துக்கொண்டனர். சீமாட்டி காற்சட்டை அணிந்தால் பகிடி. கரிக்காரி அணிந்தால் வேலைபறிப்பு.

எனினும் சில்லு அவ்வர்க்க எல்லையிலே நின்றுவிடவில்லை. றொபேட் பிளாட்ச்போட் நடத்திய 'கிளாரியன்' என்னும் சமதர்ம வாரப் பத்திரிகையின் வாசகர்கள் 1894இல் பேர்மிங்ஹாம் நகரில் ஒரு துவிச்சக்கரவண்டிக் கழகத்தைத் தொடங்கினர். ஞாயிறுதோறும் ஊர்களுக்குச் சென்று பிரசுரம் விற்று, சமதர்மம் பேசித் திரும்புவர். அத்தகைய கழகங்கள் பல நகரங்களிலும் தோன்றின, பெண்களும் சேர்ந்தனர். மான்செஸ்ரரில் அவ்வாறு சென்றவர்களுள் பின்னாளில் வாக்குரிமைப் போராளிகளாகப் புகழ்பெற்ற கிறிஸ்ரபெல், சில்வியா பாங்கேர்ஸ்ற் சகோதரியரும் அடங்குவர்.

நம் தீவையும் இக்கதை ஒருமுறை தொட்டுச் சென்றது. லற்வியாவிற் பிறந்து பொஸ்டனில் வாழ்ந்த யூதப் பெண், மூன்று பிள்ளைகளின் தாய், அனி கொப்சொவ்ஸ்கி. 1894 யூன் மாதத்தில் உலகைச் சுற்றிவருவேன் என்று வண்டியோடு புறப்பட்டார். நீரூற்றுக் கம்பனியொன்று 100 டொலர் கொடுத்துத் தன் பெயரைப் பலகையாக வண்டியில் மாட்டச் செய்ததோடு, 'லண்டன்டெரி' என்னும் தன் பெயரையே அவருக்கும் சூட்டிற்று. பாவாடையோடு தொடங்கியவர் சிக்காகோவில் ஆடவர் வண்டிக்கும் காற்சட்டைக்கும் மாறினார். 1895ஆம் ஆண்டின் முற்பகுதியில் மார்செயிலிலிருந்து கப்பலேறிக் கீழைநாடுகள் நோக்கிச் செல்கையில் கொழும்பிலும் தங்கிச் சென்றார். பயணத்தின் பெரும்பகுதி கப்பலிலேயே கழிந்தது என்றும், அவர் சொன்ன வீரக்கதைகள் பல கற்பனை என்றும் அக்காலத்திலேயே கண்டித்தனர். உண்மைதான். ஆடவர் சொன்ன பிரயாணக் கதைகள் அத்தனையையும் அதே தராசில் நிறுத்தனரா என்பது வேறு வினா.

கேலி எப்போதும் தாளிலேயே தங்கிவிடுவதில்லை. ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நாம் மறக்கலாகாத ஒரு நாள், 1897ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் பெண்களுக்கெனக் கேர்ட்டன் கல்லூரி 1869இலும் நியூன்ஹாம் கல்லூரி 1871இலும் தோன்றியிருந்தன. 1881 முதல் அவர்கள் சிறப்புப் பரீட்சைகளுக்குத் தோற்ற உரிமை பெற்றிருந்தனர். பட்டம் மாத்திரம் இல்லை. 1890இல் நியூன்ஹாம் மாணவி பிலிப்பா போசெற் கணிதப் பரீட்சையில் முதல்வனாக வந்த ஆடவனைக் காட்டிலும் மிகுந்த புள்ளி பெற்றார். பெண்களுக்கு வரிசையில் இடமில்லையாதலால், 'முதல்வருக்கு மேலே' என்று மண்டபத்தில் வாசிக்கப்பட்டது. அத்தகைய பெண்களுக்குப் பட்டத்தின் பெயரையேனும், வேறெவ்வித உரிமையுமின்றி, வழங்கலாமா என்பதே 1897இன் பிரேரணை.

வாக்களிக்கும் உரிமை முதுகலைப் பட்டதாரிகளுக்கு உண்டு. இலண்டனிலிருந்து விசேட புகைவண்டிகள் அவர்களை ஏற்றிவந்தன. மூதவை மண்டபத்துக்கு எதிரே, கட்டடமொன்றின் மேன்மாடத்துக்கு வெளியே, மாணவர்கள் ஒரு கொடும்பாவியைத் தொங்கவிட்டிருந்தனர். காற்சட்டை அணிந்து துவிச்சக்கரவண்டியில் அமர்ந்த பெண்ணின் உருவம் அது. 'பஞ்ச்' தாளிலிருந்து இறங்கிவந்து தெருவின் நடுவே தொங்கியது போலும். மழை பொய்த்தால் நம் கிராமங்களிற் கொடும்பாவி கட்டி இழுத்தனர்; ஊருக்கு வந்த கேட்டை உருவமாக்கி ஊருக்கு வெளியே தள்ளும் சடங்கு அது. உலகின் தலைசிறந்த கலாசாலையொன்றின் இளைஞர் அன்று செய்ததும் அதுவே. பட்டம் கேட்ட பெண்ணை வண்டியேறிய பெண்ணாக அவர்கள் உருவகித்தமை தற்செயலன்று. புத்தகத்தோடு மூலையிலிருக்கும் மாணவியைக் கொடும்பாவியாக்கினால் எவருக்கும் சிரிப்பு வராது.

பிரேரணை ஏறத்தாழ 1,700க்கு 660 என்னும் வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. வெடியும் மாவீச்சுமாகக் கூட்டம் ஆர்ப்பரித்தது. கொடும்பாவியை இறக்கித் தலையைக் கொய்து, சிதைத்து, நியூன்ஹாம் கல்லூரி வரை இழுத்துச் சென்றனர். கல்லூரியின் வாயிற்கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. கதவுக் கம்பிகளினூடே அவ்வுடைந்த உருவத்தை உள்ளே திணித்தனர். உள்ளே இருந்தோர் அன்றும் மறுநாளும் விரிவுரைக்குரிய பாடங்களைப் படித்துக்கொண்டிருந்த பெண்கள்.

கேம்பிரிட்ஜ் 1921இல் பட்டத்தின் பெயரை மாத்திரம் வழங்கச் சம்மதித்தது. முழு உரிமையோடு பட்டம் வழங்கும் தீர்மானத்துக்கு அரசரின் இசைவு கிடைத்தது 1948ஆம் ஆண்டில். அதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்தின் பின்னர், யூன் 10ஆம் திகதி, பிலிப்பா போசெற் தமது எண்பதாவது வயதிற் காலமானார்.